வழக்கமாக வருகிறவர்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீ எழுதவில்லை என்றாலே வலி கூடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஒரு நல்ல செய்தி. அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு பேராயர் நம் சபைக்கு வருகிறார். ஆராதனை முடிந்ததும் நம் வீட்டில்தான் சாப்பாடு. போதகர் வீட்டிலும் இல்லை, டாக்டர் வீட்டிலும் இல்லை. போதகரே நேரில் வந்து, "உங்க வீட்டு ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டப் பத்தி பேராயருக்கு எழுதியிருந்தேம்மா. அத அவர் கண்ணால பாக்கணுமாம்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாம் அப்படி என்ன பெரிதாகச் செய்துவிட்டோம், சொல். வீட்டில் அடுப்பு மூட்ட ஆளில்லாதவர்கள் ஆராதனை முடிந்து எங்களோடு நடந்து வருகிறார்கள். இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடுகிறோம். மருத்துவமனை விடுதியில் தங்கியிருக்கும் நர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர், மாற்றலாகி வந்த கண்டக்டர், கடிகாரம் பழுது பார்க்கிறவர், கண் தெரியாத அவர் மனைவி, தபால் நிலையத்துக் காவலாளி, உன் தையல் மாஸ்டர். மொத்தமே ஏழு பேர். பதினோரு வருஷமாக நடக்கிறது, அவ்வளவுதான். இதைப் போய் பேராயருக்கு எழுதியிருக்கிறாரே என்று வெட்கமாக இருக்கிறது. உள்ளுக்குள் சந்தோஷமும் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன்.

உன் அத்தான் இப்போதே கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பார்க்கிறார். உன் மருமகள் வாயாடி சும்மா இருப்பாளா? "பேராயர் சாப்பாட்டச் சாப்பிட வர்றாரா, சுவரச் சாப்பிட வர்றாரா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

எங்களுக்காக ஜெபம் பண்ணிக்கொள். கனமான எதையும் தூக்காதே.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நலம். இடுப்பும் நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. இரண்டாம் மெஷினில் இந்த வாரம் நாலு தடவை தாள் அறுந்துவிட்டது. காகித ஆலையில் தாள் அறுந்தால் ஃபோர்மேன் என்றும் பார்ப்பதில்லை, எல்லாரும் ஓடிப்போய் ஈரக் காகிதத்தை வாரிப் போட வேண்டும். பிறகு இடுப்பு எப்படி இருக்கும்?

பேராயர் உன் கையால் சாப்பிடப் போகிறார் என்று படித்ததும் எழுந்து இரண்டு நடை நடந்தேன். அக்கா, ஒரே ஒரு வேண்டுகோள். மாஸ்டரைப் பேராயருக்குப் பக்கத்தில் உட்கார வை.

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு நான் வீட்டைவிட்டு வந்ததும், வேலையில்லாமல் இப்போது நீ இருக்கும் ஊரில் எட்டு மாதம் சுற்றியதும் உனக்குத் தெரியும். அப்போது தினமும் மத்தியானம் மாஸ்டர் துணிக்கடை மாடிப்படிக்குக் கீழே, தையல் மெஷினைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுத் தன் டிபன் கேரியரைப் பிரிப்பார். இரண்டு அடுக்குதான். ஒன்றை என் பக்கம் நகர்த்துவார். "எனக்கு வேணாம் மாஸ்டர், சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்பேன். "சாப்பிட்டவன் மூஞ்சி இப்படியா இருக்கும்? உக்காரு" என்பார். எட்டு மாதமும் இதே பேச்சு.

பிறகு அத்தானுக்கு அந்த ஊரில் வேலை கிடைத்து நீங்கள் குடிவந்த முதல் ஞாயிறு, நான்தான் அவரை உன் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மனைவி இறந்து தனியாக இருந்தார். இன்னொரு தட்டு வை என்றேன். வைத்தாய். இப்போது பேராயர் பார்க்க வரும் பந்தி அன்று ஒரு தட்டில் தொடங்கியதுதான்.

அவர் பேராயரிடம் என்ன பேசப் போகிறார் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. "உங்க அங்கி இடது தோள்ல தூக்கிக்கிட்டு நிக்குது, கழட்டிக் குடுங்க" என்று கேட்டாலும் கேட்பார். கேட்டால் கொடுத்துவிடச் சொல்.

அத்தானுக்கும் வாயாடிக்கும் என் அன்பு. பேராயர் வந்துபோனதும் ஒன்றுவிடாமல் எழுது.

தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பேராயர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். நல்ல உயரம், மெதுவாகப் பேசுகிறார். பதினான்கு பேர் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து உன் அத்தான் நீள மேசை ஒன்றை வாங்கி வந்து போட்டிருந்தார். டாக்டர் வீட்டு அம்மாள் வெள்ளை விரிப்புக் கொடுத்தார்கள். மீன், கோழி, இரண்டு காய், பழம் எல்லாம் வைத்தேன். சாதம் குழையவில்லை. பேராயர் இரண்டாம் தடவை மீன் கேட்டு வாங்கினார். ஏதோ கேள்விகூடக் கேட்டார், போதகர் பதில் சொன்னார். நான் அந்த நேரம் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். போகும்போது வாயாடியின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

சபையின் மாத இதழுக்காகப் படம் எடுத்தார்கள். இதழ் வந்ததும் அனுப்புகிறேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். அலைச்சல்தான், வேறொன்றும் இல்லை. உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காய்ச்சல் விட்டதா? பதினான்கு பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைத்தால் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்?

மீன் வந்தது, கோழி வந்தது, டாக்டர் வீட்டு விரிப்புக்கூடக் கடிதத்தில் வந்துவிட்டது. மாஸ்டரை மட்டும் காணோம். எங்கே உட்கார்ந்தார்? பேராயரிடம் என்ன பேசினார்? அங்கியைக் கேட்டாரா, இல்லையா? இங்கே என் ஷிஃப்டில் இருப்பவர்களிடம் எல்லாம் அவர் கதையைச் சொல்லி வைத்திருக்கிறேன். "உங்க மாஸ்டர் பேராயர்கிட்ட என்ன சொன்னாராம்?" என்று தினம் கேட்கிறார்கள். இரண்டு வரி எழுது.

அவரிடம் நான் கேட்டதாகச் சொல்.

தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வாயாடிக்குப் பரீட்சை. உன் அத்தானுக்குக் கடைவாய்ப் பல் வலி, பிடுங்கியாயிற்று. பிடுங்கிய பல்லைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினார். மழையில் பின்கட்டுக் கூரை ஒழுகுகிறது.

இதழை இதோடு அனுப்பியிருக்கிறேன். ஏழாம் பக்கம் பார். படத்துக்குக் கீழே "அன்பின் பந்தி" என்று போட்டிருக்கிறார்கள். நான் கொஞ்சம் கண்ணை மூடிவிட்டேன்.

ஞாயிறு சாப்பாடு வழக்கம்போல் நடக்கிறது. அங்கே வெயில் கடுமை என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் நிறையக் குடி.

அக்கா


ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் பல் போன இடம் ஆறிவிட்டதா?

படத்தைப் பார்த்தேன். முதலில் ஆசையாகப் பார்த்தேன். பிறகு ஆலைக்குக் கொண்டுபோய், காகிதச் சுருளில் பழுது இருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பேராயர், போதகர், அத்தான், நீ, வாயாடி. டாக்டரும் அவர் மனைவியும். மற்ற ஏழு பேரில் வக்கீலையும் பள்ளித் தலைமையாசிரியரையும் எனக்குத் தெரியும். மிச்சப் பேரும் கழுத்தில் டை கட்டியிருக்கிறார்கள்.

அக்கா, இந்தப் படத்தில் வீட்டில் அடுப்பு மூட்ட ஆளில்லாதவர் யார்?

கண்டக்டர் இல்லை. நர்ஸ் பிள்ளைகள் இல்லை. மாஸ்டர் இல்லை. மூன்று கடிதமாகக் கேட்கிறேன், ஒரு கடிதத்தில்கூட அவர் பெயர் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? இறந்துவிட்டாரா? எதுவானாலும் மறைக்காமல் எழுது. நான் தாங்கிக்கொள்வேன்.

தம்பி


ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

மாஸ்டர் உயிரோடுதான் இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழு வாரமாக உனக்கு எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாக இருந்தேன். இன்று உன் அத்தானும் வாயாடியும் வெளியே போயிருக்கிறார்கள். எழுதிவிடுகிறேன்.

பேராயர் வருவதற்குப் பத்து நாள் முன்னால் போதகர் ஒரு பட்டியல் கொண்டுவந்தார். கமிட்டிக்காரர்கள் எல்லாரும் பேராயரோடு உட்கார ஆசைப்படுகிறார்கள் என்றார். கூடத்தில் பதினான்கு பேருக்கு மேல் உட்கார முடியாது. "வழக்கமா வர்றவங்க அந்த ஒரு வாரம் மட்டும் வர வேணாமே. அடுத்த வாரம் வரப்போறாங்க, இதுல என்ன இருக்கு?" என்றார். உன் அத்தான் என்னைப் பார்த்தார். நான் முடியாது என்று சொல்லியிருந்தால் அவரும் சொல்லியிருப்பார். நான் சரி என்றேன். அவர்மேல் பழி போடமாட்டேன். போதகர்மேலும் போடமாட்டேன். அந்த மேசையில் யாருக்கு இடம் என்று சொல்ல எனக்குத்தான் உரிமை இருந்தது.

ஏழு பேரிடமும் நானே போய்ச் சொன்னேன். ஆளுக்கொரு காரணம். மாஸ்டரிடம் கடைசியாகப் போனேன். படிக்குக் கீழே தைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது, உனக்குத் தெரியாது. ஒரு வருஷமாகவே நடுக்கம். சாப்பிடும்போது பாதி மேசையில் சிந்தும். ஊசியில் நூல் கோக்க மட்டும் எப்படியோ முடிகிறது.

என்னைப் பார்த்ததும் மெஷினிலிருந்த துணியைத் தூக்கிக் காட்டினார். "பேராயர் வர்றார்ல. எனக்கு நானே சட்டை தச்சு எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா? காலர் மட்டும் பாக்கி" என்றார்.

"மாஸ்டர், அன்னைக்கு மட்டும் கூட்டம் ரொம்ப. நீங்க அடுத்த வாரம் வாங்களேன்" என்றேன்.

தூக்கிய துணியை மடியில் இறக்கினார். "கை ஆடுறதுனாலயாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அளவு சரியா என்று கேட்பது போலக் கேட்டார்.

"சேச்சே, அதெல்லாம் இல்ல. இடம் பத்தல, அவ்வளவுதான்."

"சரிம்மா" என்றார். துணியை மடித்துக் கீழே வைத்துவிட்டு வேறு யாருடையதோ கால்சட்டையை எடுத்து மெஷினில் வைத்தார்.

தம்பி, உண்மையைச் சொல்கிறேன். போதகர் பட்டியலே தராமல் இருந்திருந்தாலும், மற்ற ஆறு பேரையும் உட்கார வைத்துவிட்டு அவரை மட்டும் எப்படித் தவிர்ப்பது என்று முன்பே எனக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை விரிப்பில் அவர் சிந்துவதை நினைத்துப் பார்த்திருந்தேன். பட்டியல் வந்ததும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பேராயர் கேட்ட கேள்வியை உனக்கு எழுதாமல் விட்டேன். ஜெபம் முடிந்து உட்கார்ந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "வழக்கமா வர்றவங்க எங்கம்மா?" போதகர் முந்திக்கொண்டு, "அவங்களுக்கு இன்னைக்கு வேற இடத்துல ஏற்பாடு பண்ணியிருக்கோம் ஐயா" என்றார். பேராயர் பதிலை என்னிடம் எதிர்பார்த்தது போல என்னையே பார்த்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்த ஞாயிறு ஆறு பேரும் வந்தார்கள், பழையபடி பேசினார்கள், சிரித்தார்கள். யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். மாஸ்டர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கோயிலுக்கு வருகிறார், பின்வரிசையில் உட்கார்கிறார், கடைசி ஆசீர்வாதம் முடிவதற்குள் போய்விடுகிறார். ஒருநாள்கூட நான் பின்னால் ஓடிப்போய்க் கூப்பிடவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் வாயாடியும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன வருஷம் வாயாடிக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்று ஓடிவந்தேனே, திங்கள் முதல் புதன் வரை இருந்தேன். "தம்பி வந்திருக்காராமே, ஒரு எட்டு வரச் சொல்லுங்கம்மா" என்று மாஸ்டர் உன்னிடம் சொல்லி அனுப்பினார். நீ வந்து சொன்னாய். நாளைக்குப் போகிறேன் என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். உன் வீட்டுக்கு அவரை அழைத்து வந்த பிறகு பத்து வருஷம் அவருக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது என்று இருந்தது.

புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போகும்போது வண்டி துணிக்கடை வழியாகத்தான் போனது. படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அவர் கண்ணில் படாமல் இருக்க சீட்டில் சாய்ந்துகொண்டேன்.

அதனால்தான் ஒவ்வொரு கடிதத்திலும் அவரைப் பற்றி உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பங்கையும் சேர்த்து நீ செய்துகொண்டிருக்கிறாய் என்ற நினைப்பில் நிம்மதியாக இருந்தேன். பேராயர் பக்கத்தில் அவரை உட்கார வைக்கச் சொன்னதும் அதற்காகத்தான். உன் மேசையை வைத்து நான் நல்ல பெயர் எடுக்கப் பார்த்தேன்.

அக்கா, அவரைப் போய்ப் பார். இப்போது ஆலையில் மெஷின் பழுது பார்க்கிற காலம், எனக்கு டிசம்பருக்கு முன் லீவு கிடைக்காது. நீ போ. போதகரையும் அத்தானையும் அனுப்பாதே.

தம்பி


செப்டம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு ஞாயிறு தள்ளிப்போட்டேன். போன ஞாயிறு போனேன். சமையலை முடித்து, பரிமாறுவதை வாயாடியிடம் விட்டுவிட்டு, ஒரு தூக்கில் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன்.

சலவைக்கடைக்கு மேலே அவர் அறை. படியேறும்போதே பேச்சுக் குரல் கேட்டது. உள்ளே மூன்று பேர். மாஸ்டர், கீழே இஸ்திரி போடுகிறவர், பஸ் நிலையம் பெருக்குகிற ஒரு அம்மாள். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டியும் பருப்பும் வைத்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் மாஸ்டர் எழுந்துவிட்டார். "வாங்கம்மா, வாங்க" என்றார். மற்ற இருவரிடமும், "நான் சொல்லுவேன்ல, அந்த அம்மா இவங்கதான். பதினோரு வருஷம் இவங்க கையால சாப்பிட்டேன்" என்றார்.

அந்த அம்மாள் எழுந்து, தன் இடத்தைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னாள். "மாஸ்டர் எங்களுக்குச் சாப்பாடு போடும்போதெல்லாம் உங்க பேச்சுதாம்மா. இது அந்த வீட்டுல கத்துக்கிட்டதும்பாரு" என்றாள். இஸ்திரிக்காரர், "உங்களைப் பாக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன்" என்று தொப்பியைக் கழற்றினார். ஏப்ரல் மாதத்திலிருந்து மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறார்களாம்.

தம்பி, நான் செய்ததை அவர் அவர்களிடம் சொல்லவே இல்லை. அப்படி இல்லை, நான் நீங்கள் நினைக்கிறவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மாஸ்டர் புரிந்துகொண்டார். "ரொட்டி ஆறிடும்மா, மொதல்ல சாப்பிடுங்க" என்று ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். என் தூக்கையும் பிரித்து எல்லாருக்கும் வைத்தார். அவர் கையிலிருந்து பருப்பு சிந்தியது. அந்த அம்மாள், மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், பேச்சை நிறுத்தாமலே அதைக் கையால் வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். அதைப் பார்க்க வேறு யாரும் திரும்பக்கூட இல்லை. இதற்கா நான் அவ்வளவு பயந்தேன்.

கிளம்பும்போது படிவரை வந்தார். "மாஸ்டர், என்னை மன்னிச்சிடுங்க. இடம் பத்தலன்னு சொன்னது பொய். கைதான் காரணம்" என்றேன்.

"தெரியும்மா" என்றார்.

"அடுத்த வாரத்துலயிருந்து வீட்டுக்கு வாங்க."

"அதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. ஆனா இவங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமைதான் இங்க வர்றாங்க. நான் அங்க வந்துட்டா இவங்களுக்கு யாரு போடறது?" என்றார். நிஜமான காரணமா, என் மனம் நோகாமல் சொன்னதா, தெரியவில்லை. அவர்களையும் அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல அப்போது எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் தோன்றியது.

உன்னைப் பற்றி விசாரித்தார். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். "போன வருஷம் தம்பி வண்டியில போனாரும்மா. நான் பாத்தேன். நாம பாத்தோம்னு தெரிஞ்சா எறங்கணுமேன்னு சங்கடப்படுவாருன்னு குனிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகமா? நான் இருக்கிறேன்.

உன் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்தேன். அவர் குனிந்துகொண்டார் என்பதை என்னால் தாண்ட முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மாஸ்டருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். நான் எழுதியதிலேயே நீளமான கடிதம் அதுதான். டிசம்பரில் வருகிறேன், உங்களோடு அந்தப் படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எழுதினேன். நேற்று அது திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல் "ஆள் இங்கே இல்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. முகவரியைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், சலவைக்கடை மாடி.

உடனே விசாரித்து எழுது.

தம்பி


நவம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் கிடைத்த அன்றே போனேன்.

அறையில் வேறு ஆட்கள் குடிவந்திருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் மாஸ்டரின் அக்கா மகன் வந்து அவரைத் தன்னோடு அழைத்துப் போய்விட்டாராம். கை நடுக்கம் அதிகமாகி ஊசி கோக்கவும் முடியாமல் போய்விட்டது என்று இஸ்திரிக்காரர் சொன்னார். "ஊர் பேரு சொன்னாரும்மா. இஸ்திரிப் பெட்டி சூடா இருந்துச்சு, அவசரத்துல காதுல வாங்கல. எழுதி வாங்கியிருக்கணும்" என்று அவரும் வருத்தப்பட்டார். தையல் மெஷினை, பஸ் நிலையம் பெருக்குகிற அம்மாளின் மகளுக்குக் கொடுத்துவிட்டாராம். கோயில் பதிவேட்டில் பார்த்தேன், பழைய முகவரிதான் இருக்கிறது. போதகருக்கும் தெரியவில்லை.

நான் ஆகஸ்டில் போனதற்கும் அவர் கிளம்பியதற்கும் நடுவில் நாலு ஞாயிறு இருந்தது. மூன்று பேரும் இங்கே வாருங்கள் என்று சொல்ல ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். ஒரு வாரம் மழை. ஒரு வாரம் உன் அத்தானின் பெரியம்மா மகன் வந்திருந்தார். மற்ற இரண்டு வாரத்துக்கு என்ன காரணம் என்று நினைவுகூட இல்லை.

போன ஞாயிறு எல்லாரும் மேசையில் உட்கார்ந்ததும், உன் அத்தான் ஜெபம் பண்ண எழுந்தார். நான் அவரை இருக்கச் சொல்லிவிட்டு எழுந்து நின்றேன். மாஸ்டருக்கு நான் செய்ததை ஒன்றுவிடாமல் ஆறு பேர் முன்னாலும் சொன்னேன். சட்டை தைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். கையைப் பற்றி அவர் கேட்டதையும் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். வாயாடி தலை நிமிரவில்லை.

கடிகாரக்காரரின் மனைவி, பார்வையில்லாத அந்த அம்மாள், என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"என்கிட்ட, அன்னைக்குக் கோயில் மாடியில சாப்பாடு, நெறைய படி ஏறணும், உங்களுக்குக் கஷ்டம்னு சொன்னீங்கம்மா. சாப்பாடு உங்க வீட்டுலதான்னு ஊருக்கே தெரியும். உங்க வாசல்ல ரெண்டே படி. நான் எண்ணித்தானே ஏறுறேன்" என்றாள்.

எனக்கு அவளிடம் என்ன சொன்னேன் என்பதே மறந்து போயிருந்தது.

நர்ஸ் பிள்ளைகளில் சின்னவள், "எங்ககிட்ட, உங்களுக்கு டியூட்டி இருக்கும்லன்னு கேட்டீங்க. இல்லன்னு சொன்னோம். இருக்கும், பாருங்கன்னு சொன்னீங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். காவலாளி தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அப்ப ஏன் அடுத்த வாரமே வந்தீங்க?" என்று கேட்டேன்.

கண்டக்டர் பதில் சொன்னார். கோபம் துளியும் இல்லை. அடுத்த பஸ் எப்போது என்று கேட்டவருக்குச் சொல்வது போலச் சொன்னார். "மாஸ்டருக்குச் சமைக்கத் தெரியும்மா. நாங்க வேற எங்க போறது?"

எனக்குப் பரிமாறக் கை வரவில்லை. வாயாடி எழுந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொருவர் தட்டிலும் சோறு விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். யாராவது ஒருவர் எழுந்து போயிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் எழுந்து போகவில்லை.

டிசம்பரில் நீ வா. வரும்போது இஸ்திரிக்காரரிடம் அந்த ஊர்ப் பெயரை நீயும் ஒருமுறை கேட்டுப் பார்.

அக்கா